வாடகைக்குப் பாட்டி

2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் கடை திறந்தபோது வாசலில் தொங்கிய பலகை: எத்தனை படம் வேண்டுமானாலும் போடுங்கள், காசே வேண்டாம். (16 மெகாபிக்சலைத் தாண்டினால் சுருக்கிவிடுவோம் என்பது பலகையின் அடியில், பொடி எழுத்தில்.) தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளையின் முதல் மொட்டை, காதுகுத்து, தங்கை கல்யாணம், தாத்தாவின் கடைசிப் பொங்கல், எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஏற்றினோம்.

ஏற்றியதும் செயலி பரிவோடு கேட்டது: போனில் இடம் அடைக்கிறதே, கையிலிருக்கும் பிரதியை அழித்துவிடட்டுமா? ஆகட்டும் என்றோம். வீட்டுப் பத்திரத்தை வட்டிக்கடையில் கொடுத்துவிட்டு, 'நகல் எதற்கு, பீரோவில் இடமில்லை' என்று சொல்லிவந்த புத்திசாலிகள் நாமாகத்தான் இருப்போம்.

2020 நவம்பர். 4 லட்சம் கோடிப் படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன என்று பெருமை பேசிய அதே மூச்சில், இலவசம் முடிந்தது என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படமெல்லாம் 15 ஜிபி கணக்கில். ஜிமெயிலும் டிரைவும் அதே 15-க்குள்தான் முட்டிக்கொள்ள வேண்டும். மீறினால் வாடகை. வாடகையும் கட்டாமல், அளவையும் குறைக்காமல் இரண்டு வருஷம் கிடந்தால் அழித்துவிடலாம் என்பது விதி. சாமானைத் தெருவில் எறிகிற வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை, பொறுக்கிக்கொள்ளவாவது முடியும்.

சரி, நம் படத்தை நாமே இறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்வோம் என்றால்? முன்பு பக்கக் கதவு ஒன்று இருந்தது. டிரைவ் வழியாகப் படங்கள் தாமாகவே கணினிக்கு வந்துவிடும். 2019 ஜூலையில் சாத்தினார்கள். மக்கள் குழம்புகிறார்களாம்! அடுத்தது புழக்கடை: ஆர்குளோன் போன்ற மென்பொருள்கள் மொத்தத்தையும் இறக்கித் தந்தன. அப்போதும் படம் எடுத்த இடத்தின் விவரத்தை உருவிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். 2025 மார்ச் 31-ஓடு அதற்கும் பூட்டு. தான் ஏற்றியதை மட்டும் அந்த மென்பொருள் பார்க்கலாமாம்.

மிச்சம், நம் கோப்புகளை இறக்கிக்கொள்ள கூகுளே வைத்திருக்கும் டேக்அவுட். பிரியாணிப் பார்சல் மாதிரிப் பெயர். கேட்டுவிட்டு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருந்தால், வேறு அளவு கேட்காதவரை, இரண்டிரண்டு ஜிபியாக ஜிப் பொட்டலங்கள் வரும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் பார்சல் காலாவதி. மறுபடி வரிசையில் நில்லுங்கள். பிரித்தால் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம். படம் தனிக் கோப்பு. நாம் உட்கார்ந்து பதித்த தேதி, இடம், குறிப்பு எல்லாம் ஜேசன் என்று இன்னொரு கோப்பு. பெயர் நீளமென்றால் அதன் வாலையும் நறுக்கியிருப்பார்கள். எந்தக் குழம்பு எந்தச் சோற்றுக்கு என்று நீங்களே கண்டுபிடியுங்கள். லட்சம் படத்துக்கு நடுவே ஒரு முகத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, ஒரு படத்தையும் அதன் தேதியையும் சேர்த்துக் கட்டத் தெரியாதாம். நம்புங்கள்.

நம் வீடுகளில் படத்தின் முதுகில் பேனாவால் வருஷம் எழுதிவைப்பார்கள். அதைப் பார்த்து, பாட்டியின் படத்தை ஸ்கேன் செய்து, 1962 என்று செயலியில் கவனமாகப் பதித்தவர்கள் இப்போது அதை இறக்கி டிஸ்கில் போட்டுப் பார்க்கட்டும். கண்டாங்கிச் சேலையும் மூக்குத்தியுமாகப் பாட்டி வந்துவிடுவார். பக்கத்தில் தேதி: இன்று, காலை 11:40.