ஆடிக் காற்றில் அம்பு

காரவள்ளி வாசகர்: நம் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி காற்றையும் தூரத்தையும் கணக்குப் பண்ணித்தான் அம்பு விட்டானா?

புறநானூறு 152-இல் வன்பரணர் காட்டும் காட்சி இது: ஒரே அம்பு யானையைச் சாய்க்கிறது, புலியைத் துளைக்கிறது, மானை உருட்டுகிறது, பன்றியை வீழ்த்துகிறது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. ஐந்து உருப்படி போச்சு. காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. பாணர் வியந்தது வில்லின் வலுவை, தூரத்தை அல்ல. உடம்பு விட்டு உடம்பு பாய்கிற அம்பின் மேல் காற்றுப்பட நேரம் ஏது?

செம்மேடு: ஆனால் ஓரி விழாவை ஆடி 17, 18-இல் வைத்து, வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறோமே?

அம்மியே பறக்கிற மாதம் பார்த்து அம்பு விடச் சொல்கிறீர்கள்! ஒலிம்பிக் வில்வித்தையின் தூரம் 70 மீட்டர். (உங்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவும் 70. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அந்தத் தூரத்தைக் கடக்க அம்புக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். ரைஃபிள் தோட்டா நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தாண்டிவிடும்.

புதுச்சத்திரம்: குறி தப்பாத ஓரி ஏன் செத்தான்?

எதிரே நின்றது உடும்பு இல்லை, மலையமான் திருமுடிக்காரி.

சேந்தமங்கலம்: தூரம் இரட்டித்தால் தோட்டாவின் இறக்கமும் இரட்டிக்குமா?

நாலு மடங்காகும். குழலை விட்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா, காற்றின் தடையே இல்லாவிட்டாலும் 100 மீட்டரில் சுமார் 8 செ.மீ. இறங்கும். 200-இல் 31 செ.மீ. 400-இல் ஒன்றேகால் மீட்டர். தடையையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆனாலும் தூரம் நல்ல பிள்ளை: அளந்து சொன்னால் அட்டவணையைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகிவிடலாம். வம்பு பண்ணுவது காற்றுதான்.

நாமக்கல்: என்ன வம்பு? காற்றின் வேகத்தைப் பறக்கும் நேரத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடாதா?

பள்ளிக்கூடக் கணக்கில் வரும், மலையில் வராது. நொடிக்கு 5 மீட்டர் பக்கக் காற்று, பறக்கும் நேரம் 0.6 நொடி என்றால் உங்கள் கணக்குப்படி 3 மீட்டர் விலக வேண்டும். நிஜத்தில் விலகுவது அரை மீட்டர் போல. பெருக்க வேண்டியது மொத்த நேரத்தை அல்ல, தாமதத்தை. தடையே இல்லாமல் 0.5 நொடியில் போயிருக்க வேண்டிய தோட்டா 0.6 எடுத்துக்கொண்டதே, அந்த 0.1 நொடிதான் கணக்கு. அதனால்தான் வேகத்தைச் சீக்கிரம் இழக்காத, மூக்கு கூர்ந்த கனத்த தோட்டாவைக் காற்று அவ்வளவாகத் தள்ளுவதில்லை. இன்னொன்று: இலக்குக்குப் பக்கத்தில் அடிக்கும் காற்றைவிட சுடுபவர் பக்கத்தில் அடிக்கும் காற்றே பொல்லாதது. ஆரம்பத்திலேயே திசை கெட்டால் மீதித் தூரம் முழுக்க அந்தக் கோணம் வளர்ந்துகொண்டே போகும். ஆனால் பலரும் எதிர்ச்சரிவில் மரம் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காதோரம் வீசுவதை விட்டுவிடுவார்கள். போதாததற்கு மலைக்காற்றுக்கு ஷிஃப்ட் வேறு: வெயில் ஏறினால் சரிவில் மேலேறும், பொழுது சாய்ந்தால் கீழிறங்கும். நடுவே ஒரு பள்ளம் இருந்தால் அதற்குத் தனிக் காற்று.

காரவள்ளி: அடிவாரத்தில் நின்று மேலே குறிபார்த்தால் கூடுதலாக உயர்த்த வேண்டும்தானே?

குறைக்க வேண்டும். 30 டிகிரி ஏற்றத்தில் 400 மீட்டர் தள்ளி இருக்கும் பலகைக்குக் கிடைமட்டத் தூரம் 346 மீட்டர்தான். ஈர்ப்பு விசை பார்ப்பது இதை. 400-க்குத் திருகினால் தோட்டா தலைக்கு மேலே போகும். உச்சியிலிருந்து கீழே சுட்டாலும் அதேதான். இதை நம்பாதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

ராசிபுரம்: அந்தக் கால வேட்டைக்காரர்கள் மண்ணைத் தூவிக் காற்றுப் பார்த்தது இதற்கா?

இல்லை, மிருகத்தின் மூக்குக்காக. காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வந்தால்தான் வாடை போகாது. குண்டு விலகுகிற தூரத்துக்கு முன்பே கிட்டப் போய்விடுவார்கள்.

சோளக்காடு: இதையெல்லாம் காட்டில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முயன்று பார்ப்பதும் வேட்டைதான். உரிமம் வாங்கி ஆடும் வழியும் 1991 திருத்தத்தோடு மூடியாயிற்று. பயிர்க்காவலுக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு என்பீர்கள். அது குழாய் வாயில் மருந்து இடிக்கும் ரகத்துக்கு; அதை வைத்து 400 மீட்டர் கணக்குப் போடுவது நேர விரயம். பன்றி கிழங்கைத் தோண்டினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாமக்கல் கல்லூரி மாணவர்: அப்புறம் காற்றை எங்கேதான் படிப்பது?

பயிற்சித் திடலில். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். கூரைக்குள் சுடுவது, காற்றுத் தொல்லை கிடையாது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது 50 மீட்டரில். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், பாதையோரம் சின்னச் சின்னக் கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி படபடத்தால் விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தாலும்.