கூரையில்லாக் கோட்டை

கோழிக்கூடு கட்டுகிறவர்களில் பலர், திருடன் தரையில் நடந்துதான் வருவான் என்று நம்புகிறார்கள். சுற்றிலும் ஆளுயர வலை, வாசலில் திண்டுக்கல் பூட்டு. மேலே மட்டும் திறந்த வானம். மரநாய்க்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். பனையும் தென்னையும் ஏறிப் பழகிய பிராணி அது. ராத்திரி ஓட்டுக்கூரை வழியாக வந்து நேரே உள்ளே இறங்கும். பூட்டு எந்த ஊர்ச் சரக்கு என்றுகூடப் பார்க்காது.

கடையில் 'கோழி வலை' என்று கொடுக்கிறார்களே, அந்த அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமலிருக்கத்தான். உள்ளே வர நினைப்பவருக்கு அது ஏணி. அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் வாங்கி மேலேயும் மூடுங்கள், கூட்டின்மேல் சாய்ந்த கிளையை வெட்டுங்கள் என்றால், "நாலு கோழிக்கு இவ்வளவு செலவா?" என்பார்கள். நாலும் போன பிறகு கணக்கு இன்னும் சுலபம்: இல்லாத கோழிக்கு எதற்கு வலை? எலி ஏறாமலிருக்கத் தென்னைக்குத் தகரம் சுற்றுகிற அதே சம்சாரிக்கு, கூட்டுத் தூணுக்கும் சுற்றலாமே என்று மட்டும் தோன்றாது.

பொறி வைக்கலாமென்றால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மரநாய் பக்கம். கோழிக்கு வக்கீல் கிடையாது.

இந்தோனேசியாவில் இதே மரநாய் காப்பிப் பழம் தின்று போடும் எச்சத்தில் கொட்டை பொறுக்கி, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். நம்முடையது போடுவதில் இறகுதான் இருக்கிறது.