மிஹினுக்கு மட்டும் முழுப் பேர்

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் சட்டம் கறாரானது. கொழுந்து நிறுக்கும்போது குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு ‘அரைப் பேர்’, பாதிச் சம்பளம். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அட்டை குடித்த இரத்தம் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

மிஹின் லங்கா விமானக் கம்பனியை யாரும் இப்படி நிறுத்துப் பார்க்கவில்லை.

2006 டிசம்பரில் மலையகம் வேலைநிறுத்தத்தில் இறங்கி நாளுக்கு 300 ரூபாய் கேட்டது. கட்டுப்படியாகாது என்று கம்பனிகள் கையை விரித்தன. கடைசியில் அடிப்படை 170. எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 260. அதே காலத்தில்தான் அரசு, ஜனாதிபதி மஹிந்தவின் பெயர் காதில் விழும்படி இந்த மலிவு விமானக் கம்பனியைத் தொடங்கியது. ஸ்ரீலங்கன்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்கிறீர்களா? லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துக்கொள்ளும். அரசுக்கு ஒரே விமானக் கம்பனி என்றால் மூச்சு முட்டும்!

2007 ஏப்ரலில் குத்தகை விமானங்கள் கிளம்பின. ஓராண்டிலேயே பறப்பு நின்றது. தோட்டத்தில் என்றால் பேரை வெட்டியிருப்பார்கள். இங்கே 2009 ஜனவரியில் பொதுப் பணத்தோடு மறுபடி பறக்க விட்டார்கள். தொழிலாளியின் சம்பளம் என்றால் அது கம்பனிகளின் வியாபார விஷயம், திறைசேரி தலையிடாது. விமானத்தின் நட்டம் என்றால் அது தேசத்தின் மானம். ரொட்டிக்கு வாங்கும் மாவிலும் தேத்தண்ணிச் சீனியிலும் வரி கட்டி அந்த மானத்தைக் காப்பாற்றியவர்களில் கொழுந்து பறிக்கிறவளும் ஒருத்தி. அவளுக்கு டிக்கெட் மட்டும் கிடைக்கவில்லை.

2015இல் ஆட்சி மாறியது. மார்ச் மாதத்தோடு தோட்டச் சம்பளக் கூட்டு ஒப்பந்தமும் காலாவதியானது. தொழிலாளர் 1000 கேட்டார்கள். பேசினார்கள், பேசினார்கள், ஒன்றரை ஆண்டு பேசினார்கள். 2016 அக்டோபர் 18இல் கையெழுத்தானது 730. அதிலும் அடிப்படை 500தான். மிச்சத்துக்கு வரவு, உற்பத்தி, தேயிலை விலை என்று ஆயிரம் கொக்கி.

பன்னிரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30இல், மிஹின் லங்கா மூடப்பட்டது. அதன் பறப்புகளை ஸ்ரீலங்கன் எடுத்துக்கொண்டது. அதுவே அப்போது கடனில் கழுத்தளவு நின்றது. ஒன்பது ஆண்டு நட்டத்துக்கு எந்தத் துரைக்கும் அரைப் பேர் விழவில்லை.

தொழிலாளருக்கோ, பேசிக் கழித்த அந்த ஒன்றரை ஆண்டுக்கான நிலுவைச் சம்பளம் தரப்படவில்லை.