பாலைவனக் களப்பயணம்: ஒரு விளக்கம்

தார் பாலைவனத்துக்குச் செல்லும் மாணவர் களப்பயணம் பொதுவாக மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது, ஜெய்சல்மேரை அடுத்த சம் மணற்குன்றுகள். இங்கே ஒட்டகச் சவாரி விலங்கியலாகவும், மணலில் சறுக்குவது மண்ணியலாகவும் குறிப்பேட்டில் ஏறும். அதிகம் தென்படும் உயிரினம் சிப்ஸ் பாக்கெட்.

இரண்டாவது, நிலப் பயன்பாடு. ஓரண் எனப்படும் கோயில்காடுகளில் ஊரார் தலைமுறைகளாக மரத்தை வெட்டாமல் கால்நடை மேய்த்து வருகிறார்கள். அவற்றில் பல, அரசு ஆவணத்தில் தரிசு. அப்படி எழுதிவிட்டால் சூரியத் தகடு முளைக்க மழைகூட வேண்டாம். இந்திரா காந்தி கால்வாய் பாலையைப் பசுமையாக்கியது என்பதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்வார்கள். சில இடங்களில் நீர் தேங்கி மண் உப்பானது அடுத்த பக்கத்தில் இருப்பதால் தேர்வுக்கு வராது.

மூன்றாவது, கானமயில். பாலைவனத் தேசியப் பூங்காவின் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். காட்டில் எஞ்சியுள்ள கானமயில்களோ 200-க்கும் குறைவு. கண்கள் பக்கவாட்டில் அமைந்த இப்பறவைக்கு நேரெதிரே உள்ள மின்கம்பி எளிதில் தெரிவதில்லை, மோதிச் சாகிறது. கம்பியில் ஓடுவது சுற்றுச்சூழலைக் காக்கும் மின்சாரம் என்பது அதற்கு ஆறுதலாக இருக்கக்கூடும். கம்பிகளைப் புதைக்குமாறு 2021-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம் 2024-இல் அதைத் தளர்த்தியது. பறவை பார்வையைத் திருத்திக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இறுதியில் அறிக்கை. பாலைவனத்தைக் காப்பது நம் கடமை என்ற முடிவுரை கட்டாயம். அதைப் புறப்படும் முன்பே எழுதிவைத்துவிடலாம்.