கேட்டதும் கிள்ளியதும்

கேள்வி: எம்.ஜி.ஆரா, சிவாஜியா? முடிவாகச் சொல்லுங்கள்.
— வாசகர், ஹட்டன்

பதில்: இந்தக் கேள்வியால் ஒரே லயத்தில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் உண்டு. அடுத்த கேள்வி.

கேள்வி: எனக்கு 61 வயது. பத்து வயதில் ஜெய்சங்கர் மேல் அப்படி ஓர் ஆசை. இன்றும் அவர் படப் பாட்டு ரேடியோவில் வந்தால் ரொட்டி தட்டுகிற கை நின்றுவிடுகிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த வயதில் இது சரியா?
— வாசகி, பொகவந்தலாவை

பதில்: ரொட்டி கருகாதவரை சரிதான், அக்கா.

1956-இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் திரையிலும் வருகிறவரோடு நெடுநாள் பழகியதுபோல ரசிகருக்குத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் இருப்பவருக்கோ இவரைத் தெரியவே தெரியாது. ஒருதலை நட்பு. அன்றாட வாழ்க்கைக்குத் துணையாக இருக்கிறவரை அதை அவர்கள் நோயாக எண்ணவில்லை.

ஆனால் அமெரிக்க அறிஞர்களுக்குத் தோட்டத்து லயத்தைத் தெரிந்திருக்காது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்குள் ஒரு குடும்பம் முழுவதும். தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத பிள்ளைக்குச் சுவரில் ஒட்டிய படம்தான் சொந்தச் சொத்து. ‘பேசும் படம்’ இதழிலிருந்து வெட்டி, கோதுமை மாவுப் பசை தடவி, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அடுப்புப் புகை ஆறே மாதத்தில் கதாநாயகனை மாநிறமாக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் மூக்கு கையோடு வந்துவிடும். மூக்குப் போன நாயகனையும் கழற்றி எறியாத பாசம் அது. பேரப்பிள்ளைகள் சிரித்து முடித்ததும் இந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. ‘இரவும் பகலும்’ படத்தில் ஜெய்சங்கர் அறிமுகமானது 1965-இல். தமிழ்நாட்டில் வெள்ளிக்கிழமைதோறும் படம் வருகிற அளவுக்கு நடித்து ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்று பெயர் வாங்கினார். இலங்கையிலோ 1972-இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இந்தியப் படங்களின் வரவு சுருங்கியது. மலைக்குப் படம் ஏறி வருவதற்குள் பாட்டு வந்துவிடும். இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நட்சத்திரங்களை முதலில் காதால்தான் விரும்பினார்கள். அந்தக் குரல் பல பாட்டுகளில் டி.எம்.சௌந்தரராஜனுடையது. ஆகவே அக்கா, அந்தப் பத்து வயதில் நீங்கள் விரும்பியது பாதி ஜெய்சங்கரை, பாதி சௌந்தரராஜனை. வீட்டுக்காரரிடம் சொல்லும்போது இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நயன்தாராவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: முத்திரைக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக் கொடு, தம்பி. கையோடு பதில் வரும்.

கேள்வி: எம்.ஜி.ஆர். பிறந்தது எங்கள் ஊரில் என்றால் தமிழ்நாட்டு நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல?
— வாசகர், நாவலப்பிட்டி

பதில்: தேதியைச் சொல்லுங்கள்: 1917 ஜனவரி 17. தந்தை மருதூர் கோபால மேனன், தாய் சத்யபாமா. தந்தை போன பிறகு பிள்ளைகளோடு தாய் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் வறுமையால் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதைக்கு வாருங்கள். எம்.ஜி.ஆரின் முதல் படம் 1936-இல் வந்த ‘சதிலீலாவதி’. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை, எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கம், கதாநாயகன் எம்.கே.ராதா. குடியால் கெட்டு, நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்துப் பயந்து, நாயகன் கடல் தாண்டி ஓடுகிறான். எங்கே? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, கூலியாக! அதே படத்தில் போலீஸ் உடுப்போடு ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டினார் நம்ம ஊர்ப் பிள்ளை. நாவலப்பிட்டிக்காரர் சினிமாவைத் தேடிப் போனால், சினிமா தோட்டத்தைத் தேடி வருகிறது! இதைச் சொன்ன பிறகும் நம்பாதவர்களுக்கு ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, சீனி போடாமல் விடுங்கள்.

1965-இல் அவர் நடிகை சரோஜாதேவியுடன் இலங்கை வந்தார். பிறந்த மண்ணுக்கு வந்த பெரிய பிள்ளையாகவே மலையகம் அவரைக் கொண்டாடியது. (சரோஜாதேவியைப் பற்றி இந்தப் பகுதி பாரபட்சமானது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கன்னடம் கொஞ்சும் அந்தத் தமிழுக்கு ஈடு இன்றுவரை வரவில்லை. 2025 ஜூலை 14-இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது எத்தனையோ வீடுகளில் கை வேலை நின்றிருக்கும்.)

எம்.ஜி.ஆர். மேல் இருந்த இந்த அன்பைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் எழுதி, தமிழில் ‘பிம்பச் சிறை’ என்று வந்த நூல், திரையில் ஏழைக்காகச் சண்டை போட்ட நாயகனை நம்பி ஏழைகள் அவருடைய நிஜ ஆட்சியில் என்ன பெற்றார்கள் என்று கடுமையாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் கேட்க வேண்டிய கேள்விதான். மலையகத்துக் கணக்கு வேறு. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பலர் நாடற்றவர்களாக்கப்பட்டு, வாக்கையும் இழந்தார்கள். எம்.ஜி.ஆருக்கு மட்டுமல்ல, எவருக்குமே ஓட்டுப் போட முடியாத ஒரு சனம் அவரை விரும்பியது. கைம்மாறு எதுவும் கேட்காத அந்த அன்பை ஏமாளித்தனம் என்று எழுத இந்தப் பேனாவுக்கு மனம் வராது.

கேள்வி: மகள் போனில் கொரிய நடிகர்களைப் பார்த்து உருகுகிறாள். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், டிக்கோயா

பதில்: பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். சோதனை அவள் வைப்பாள்.

கேள்வி: சின்ன வயதில் சினிமாப் பைத்தியம் பிடித்த பிள்ளை எதுவாவது உருப்பட்டதுண்டா?
— வாசகர், கினிகத்தேனை

பதில்: ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும்போது உங்கள் ஊரைத் தாண்டிக் கித்துல்கலை வருமே, அங்கே பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் களனி ஆற்றைப் பாருங்கள். டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்துக்குப் பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடம். படம் 1957-இல் வெளிவந்தது. அந்தப் படப்பிடிப்பைப் பார்க்கப் பள்ளிச் சுற்றுலாவில் வந்தான் மட்டக்களப்பு அமிர்தகழிப் பையன் ஒருவன். இயக்குநர் மழை என்று குரல் கொடுத்தார், மழை கொட்டியது. வானத்துக்கே கட்டளையிடுகிறாரே என்று வாய்பிளந்து நின்ற பையன், அன்றே சினிமாதான் தன் தொழில் என்று முடிவுகட்டினான். அவர்தான் பாலுமகேந்திரா. பிறகு புனேயில் ஒளிப்பதிவு படித்தார். 1979-இல் ‘அழியாத கோலங்கள்’ எடுத்தார். ஊருக்குப் புதிதாக வந்த டீச்சர் மேல் மூன்று பையன்களுக்கு வரும் மயக்கம்தான் கதை; டீச்சராக ஷோபா. சின்ன வயது ஆசையை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன தமிழ்ப் படம் வேறில்லை.

தோட்டத்துப் பக்கமே ஆள் வேண்டுமா? தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன். 1975-இல் தோட்ட மக்களை வைத்து ‘புதிய காற்று’ தயாரித்து, தானே கதாநாயகனாக நடித்தார். தோட்டத்துச் சனம் தன்னைத்தானே வெள்ளித்திரையில் பார்த்தது. உருப்படுவது என்றால் இன்னும் என்ன வேண்டும், ஐயா?

கேள்வி: எங்கள் குடும்பம் 1973-இல் மஸ்கெலியாவிலிருந்து கப்பலேறியது. எனக்கு அப்போது 11 வயது. சரோஜாதேவி படம் ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் இருக்கிற ஊருக்குப் போகிறோம் என்று சந்தோஷம். வந்து பார்த்தால் இங்கேயும் தேயிலை, இங்கேயும் லயம். அந்தப் படம் என்னை ஏமாற்றிவிட்டதா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: இல்லை, அக்கா.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நாடற்ற மனிதர்களைப் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கணக்கை 1974-இல் ஆளுக்குப் பாதியாக முடித்தார்கள். எந்தப் பங்கில் விழுவது என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வந்தது. இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர்.

பெரியவர்கள் எல்லோரும் அழுத பயணத்தில் 11 வயதுப் பிள்ளைக்குப் பயமில்லாமல் இருந்ததற்கு அந்தப் படம்தான் காரணம். போகிற நாட்டில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறது என்று அது சொன்னது. இரண்டு அரசாங்கங்களும் செய்யாத வேலை அது. படம் இன்னும் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: சினிமா வருவதற்கு முன்னால் தோட்டத்துப் பிள்ளைகள் யார்மேல் ஆசைப்பட்டார்கள்?
— வாசகி, நுவரெலியா

பதில்: மன்மதன் மேல்தான்! மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியதும் தோட்டத்துக்கே கண் மாறிவிடும். நேற்றுவரை முள்ளுக்குத்தி மண் கிளறிய பையன் இன்று கரும்பு வில்லோடு முகத்தில் சாயம் பூசி நிற்பான். ரதியும் ஆண்பிள்ளையே. அந்த ரதி, சிவன் எரித்த கணவனுக்காக விடிய விடிய அழும்போது, லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். மறுநாள் அதே ரதி வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் கையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பார். பெண்களோ இன்னும் ரதியைப் பார்க்கிற கண்ணாலேயே பார்ப்பார்கள். டிக்கெட் இல்லை, போஸ்டர் இல்லை, நட்சத்திரம் மட்டும் உண்டு.

உங்கள் தோட்டத்தில் கடைசியாக ரதி வேடம் கட்டியவர் யார்? தோட்டம், டிவிஷன், ஆண்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.