எதுக்காவது உதவும்

கோயம்புத்தூர்ப் பக்கம் வீடு கட்டினால் கார் ஷெட் இல்லாமல் யாரும் கட்டுவதில்லை. கார் என்னவோ தெருவில் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். ஷெட்டுக்குள் அதற்கு முன்பே ஓர் அப்பா குடியேறியிருப்பார். எங்கள் அப்பா மில் ஃபிட்டர். ரிட்டையர் ஆனபோது மில்தான் அவரை விட்டது; அவர் மில்லை விடவில்லை.

நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒரு ஜப்பானிய முறை. கழி, அடுக்கு, துடை, வழக்கமாக்கு, விடாதே என்று சுவரெல்லாம் போஸ்டர். சந்தேகமான சாமானில் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைக்கவேண்டும். கெடுவுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் வெளியேற்றம். காலையில் ஷெட்டில் அட்டை கட்டிவிட்டுப் போனேன். மாலையில் ஒரு அட்டையையும் காணோம்.

"நல்ல கெட்டி அட்டை கண்ணு. எதுக்காவது உதவும்" என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்.

அவர் வாதம் எப்போதும் சரித்திர ஆதாரத்தோடு இருக்கும். கால் இன்ச் என்று பொறித்த ஒரு ஸ்பேனர். வாயை அளந்தால் அரை இன்ச்சுக்கும் மேல்! தப்பான சாமான் என்று நினைப்போம். அது விட்வொர்த் கணக்கு. ஜோசப் விட்வொர்த் என்ற வெள்ளைக்காரர் 1841இல் வகுத்தது. அதில் பொறித்திருப்பது போல்ட்டின் தடிமன், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. மரையின் கோணம் 55 டிகிரி; இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. லங்காஷயரிலிருந்து வந்த நூற்பு இயந்திரங்களுக்கு அதுதான் பொருந்தும். இயந்திரங்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. "ஒருவேளை திரும்பி வந்தா?" என்கிறார் அப்பா.

பழைய இரும்புக்காரரை வரவழைத்தேன். அவர் தராசுக்கு முன்னால் காந்தத்தைத்தான் எடுப்பார். ஒட்டினால் இரும்பு, விலை மட்டம். ஒட்டாவிட்டால் செம்போ பித்தளையோ அலுமினியமோ, பேச்சில் கொஞ்சம் மரியாதை கூடும். எல்இடி வந்து வேலையிழந்த டியூப்லைட் சோக்குகள், உள்ளே செம்புக் கம்பி இருந்த புண்ணியத்தில், கௌரவமாக விடைபெற்றன. அப்பா "சுத்தப் பித்தளை" என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த குழாயில் காந்தம் டக்கென்று ஒட்டியது.

"ஐயா, இது மேல்பூச்சுங்க."

"உங்க காந்தம் சரியில்லீங்க."

குழாய் திரும்ப உள்ளே போனது. கூடவே, அவரிடமே பேரம் பேசி வாங்கிய ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தமும் போனது.

இனி அடுக்குவதுதான் வழி. "ஏனுங்க, 500 ரூபாய்க்கு மேல பத்துப் பைசா கெடையாதுங்க" என்றாள் மனைவி. அந்தக் காசுக்கு ஆங்கிள் ராக்கின் ஒரு தட்டுகூட வராது போலிருந்தது. உடைந்த கட்டிலின் பலகைகள் ஷெல்ஃப் ஆயின. மிஞ்சிய பிவிசி பைப்பைத் துண்டுபோட்டுச் சுவரில் அடித்தால் ஸ்க்ரூ டிரைவர்கள் நிற்க இடம். ஃபேன் ராடில் ஒயர் சுருள்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடிகளைத் தட்டின் அடிப்பக்கம் திருகிவிட்டு, பாட்டிலைக் கீழிருந்து சுற்றி மாட்டினால், எந்த வாஷர் எதில் என்று வெளியிலேயே தெரியும். (பாட்டில்கள் ஊறுகாய்க்கு வைத்தவை என்று அம்மா தொடுத்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.) பட்ஜெட் என்ற ஒன்று இருக்கும்வரை எந்தக் குப்பையும் குப்பை இல்லை. கழிக்க வந்த நானே எல்லாவற்றுக்கும் நிரந்தர வேலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் பின்னாலிருந்து, "பாத்தியா?"

500 ரூபாயில் ஆணியும் ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயின்ட்டும் வாங்கினோம். பழைய பிளைவுட்டில் ஆணி அடித்து ஒவ்வொரு கருவியையும் மாட்டி, அதைச் சுற்றி உருவம் வரைந்துவிட்டால், எது காணோம் என்று ஒரே பார்வையில் தெரியும். பட்டறைகளில் நடக்கிற முறைதான். அப்பாவுக்கு இது மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. சுத்தி, குறடு, ரம்பம் எல்லாம் வரைந்து முடித்தபின், நட்டநடுவில் பெரிதாக ஒரு பைப் ரிஞ்ச் வரைந்தார். அது வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்றோ இரவல் வாங்கிப் போனது.

மறுநாள் அவரைக் காபிக்கு அழைத்து, பலகைக்கு எதிரிலேயே நாற்காலி போட்டார். அவர் காபியைக் குடித்தபடி, ஆளில்லாத அந்த உருவத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"கை சுத்தமா வரைஞ்சிருக்கீங்க அண்ணா" என்றார். போகும்போது சுத்தியை வாங்கிக்கொண்டு போனார்.