மறதி இலாகா வேண்டி ஒரு விண்ணப்பம்

வாஷிங்டன் மாநகரில் காங்கிரஸ் நூலகத்தின் ஓர் அங்கமாக விளங்கும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் மகாகனம் பொருந்திய பதிவாளர் சமூகத்துக்கு, 1940களிலும் 50களிலும் தங்கள் தேசத்தில் எடுக்கப்பட்டுப் பின்னர் சீந்துவாரின்றிக் கிடந்த குற்றப் படங்களை டிவிடியாகவும் ப்ளூரேயாகவும் தேடி வாங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு யோக்கியதை எதுவும் இல்லாத தமிழ்நாட்டு ரசிகன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் க்ஷேமம். தங்கள் அலமாரிகளின் க்ஷேமத்துக்கும் தங்கள் குமாஸ்தாக்களுடைய ஞாபகசக்தியின் க்ஷேமத்துக்கும் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

இதை முறையீடு என்று எண்ணிக் கட்டில் சேர்த்துவிட வேண்டாம். முறையிடுவதற்கு எனக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. தங்கள் நாட்டு டிவிடிக்கு 1 என்றும் எங்கள் நாட்டு டிவிடிக்கு 5 என்றும் எண் வகுத்து, கப்பலும் விமானமும் ஏறி வந்த தட்டை எங்கள் வீட்டுப் பெட்டி வாயில் வாங்கி உடனே துப்பும்படி செய்த புண்ணியவான்களுக்குத் தனியே ஒரு கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது. தங்களுக்கு எழுதுவதோ நன்றிக் கடிதம். பூலோகத்தில் வேறெந்தச் சர்க்கார் அலுவலகத்திலும் தற்செயலாக மட்டுமே நிகழ்கின்ற மறதியைத் தாங்கள் நெடுங்காலம் சட்டபூர்வமாகவே நடத்திவந்தீர்கள் என்பதற்காக எழுதுவது.

1909ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒரு படம் வெளியானால் அதன் உரிமையாளருக்கு 28 வருஷம் பாத்தியதை உண்டு; இருபத்தெட்டாவது வருஷத்தில் ஒரு விண்ணப்பத் தாளை நிரப்பிச் சொற்பக் கட்டணத்துடன் தங்களிடம் சேர்ப்பித்தால் பாத்தியதை நீடிக்கும்; சேர்ப்பிக்க மறந்தாலோ படம் ஊர்ச் சொத்தாகிவிடும். பிள்ளை பிறந்து 28 வருஷம் கழித்து, இவன் என் பிள்ளைதான் என்று மறுபடியும் வந்து கையெழுத்திடும் தகப்பனுக்கே பிள்ளை சொந்தம் என்று விதித்ததை ஒத்த இந்த ஏற்பாட்டைக் கண்டு நான் வியக்காத நாளில்லை. பெரிய ஸ்டூடியோக்களுக்கு வக்கீல்கள் உண்டு, வக்கீல்களுக்கு நாட்குறிப்பு உண்டு; இருட்டையும் ஈரத் தெருவையும் இரண்டு ஓட்டல் அறைகளையும் மூலதனமாகப் போட்டுப் படம் எடுத்த சில்லறை முதலாளிகளுக்கோ 28 வருஷம் என்பது ஒரு யுகம். 'டீட்டூர்' படத்தை 1945இல் வெளியிட்ட பி.ஆர்.சி. நிறுவனம் இரண்டே வருஷத்தில் ஈகிள்-லயன் என்னும் இன்னொரு நிறுவனத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. உரிய காலத்தில் வந்து கையெழுத்திட அந்தப் படத்துக்கு ஒரு நாதி இல்லை.

'டீட்டூர்' எத்தகைய படம் என்பதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. பதிவு செய்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பிறர் காரில் இடம் கேட்டுப் போகும் பியானோக்காரன் ஒருவன், காரோட்டி வந்தவன் திடீரென்று செத்துப்போக, அவன் உடையையும் பெயரையும் காரையும் எடுத்துக்கொண்டு, வழியில் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணின் கையில் அகப்பட்டு அழிவதே கதை. ஆன் சாவேஜ் நடித்த அந்தப் பெண்ணின் பார்வை ஒன்றுக்காகவே படத்தை நூறு தரம் பார்க்கலாம். எட்கர் உல்மர் ஆறே நாளில் எடுத்து முடித்ததாகப் பிற்காலத்தில் பெருமை பேசினார்; தஸ்தாவேஜுகள் அதைவிட அதிக நாட்களைக் காட்டுகின்றன; இயக்குநர்கள் ஸ்வய சரித்திரத்தில் சிக்கனம் பிடிப்பது வழக்கந்தான். பிரயாணக் காட்சிகள் சிலவற்றில், ஜனங்கள் மேற்கே போவதாகத் தோன்ற வேண்டி பிலிமை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டபடியால், அமெரிக்கக் கார்கள் எங்கள் ஊர்ச் சம்பிரதாயப்படி சாலையின் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. அந்த ஒரு காரணத்தால் இதை எங்கள் படமாகவே நான் பாவித்து வருகிறேன்.

இதனினும் விசேஷமானது 'டி.ஓ.ஏ.' என்னும் 1950ஆம் வருஷத்துப் படம். ருடால்ஃப் மாட்டே இயக்கிய அதில் எட்மண்ட் ஓ'பிரையன் கணக்கராகவும் பத்திரங்களுக்கு முத்திரையிடும் நோட்டரியாகவும் வருகிறார். ஒரு விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரையிட்ட பாவத்துக்காக விஷமூட்டப்பட்டு, மருந்தில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்த பிறகு, தன்னைக் கொன்றவனைத் தானே கண்டுபிடித்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன் கொலையைப் பற்றித் தானே பிராது கொடுக்கிறார். மனிதன் செத்தது பதிவான ஒரு காகிதத்தால். அவனைப் பற்றிய படம் செத்தது பதிவாகாத ஒரு காகிதத்தால். 1977இல் கெடு கடந்த மறுநாள் அந்தப் படமே தங்கள் அலுவலக ஜன்னலுக்கு முன் தள்ளாடி வந்து நின்று, என்னைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால், உள்ளேயிருந்த குமாஸ்தா தலை நிமிராமலே, கொலைப் பிராதுக்கு எந்த நமூனா என்று கேட்டிருப்பார். நமூனா இருந்தாலும் நேற்றோடு காலாவதி என்று சொல்லி ஜன்னலைச் சாத்தியிருப்பார். கதாநாயகனுக்காவது போலீஸ்காரர்கள் உட்கார நாற்காலி கொடுத்தார்கள்.

இப்படி அனாதையான படங்களுக்குப் பிற்பாடு நேர்ந்ததுதான் இந்த நன்றிக் கடிதத்துக்குக் காரணம். அனாதைக்கு யார் வேண்டுமானாலும் சோறு போடலாம் என்ற நிலையில் ஒருவரும் சோறு போடவில்லை. எல்லோரும் படம் பிடித்து விற்றார்கள். தொலைக்காட்சி நிலையங்களில் ஓடித் தேய்ந்த 16 எம்.எம். பிரதியிலிருந்து ஒரு கேசட், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து ஒரு டிவிடி, பிறகு ஐம்பது படங்களை ஒரே பெட்டியில் அடைத்து அரிசி விலைக்கு ஒரு மூட்டை என்று நகலுக்கு நகல் பிறந்து பெருகிற்று. கறுப்பையே ஜீவநாடியாகக் கொண்ட படங்களில் கறுப்பு சாம்பலாயிற்று. விளக்குக் கம்பத்தடியில் நிற்பது கொலைகாரனா, கம்பத்தின் நிழலா என்பது இயக்குநருக்குத் தெரிந்ததைப்போல் எங்களுக்குத் தெரியவில்லை. வசனமோ பாழுங்கிணற்றிலிருந்து ஒருவர் கூப்பிடுவதுபோலக் கேட்டது. ஆயினும் பார்த்தோம், ஐயா! அந்தச் சாம்பல் நிறத் தட்டுகளில்தான் எட்வர்ட் ஜி. ராபின்சன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தீட்டிய சித்திரங்கள் ஜோன் பென்னட்டின் பெயரால் விலைபோவதையும், மூலகர்த்தா வீதியில் அலைவதையும், ஃபிரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' படத்தில் கண்டோம். பதிப்புரிமையைப் பற்றி எடுக்கப்பட்டதிலேயே உத்தமமான அந்தப் படமும் பதிப்புரிமை இழந்த படந்தான் என்பது தங்கள் அலுவலகத்தின் ரசனைக்கு அத்தாட்சி.

இனி, தகப்பனார் ஒழுங்காக வந்து கையெழுத்திட்ட பிள்ளைகளின் கதியைப் பாருங்கள். 'நைட்மேர் ஆலி' 1947இல் வந்தது. டைரோன் பவர் தம் அழகையெல்லாம் அவமானத்துக்கு அர்ப்பணித்து நடித்தது. வழக்கும் வில்லங்கமும் சூழ்ந்த அதை ஒருவன் தன் வீட்டுக்கு வாங்கிச் செல்ல 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாத்தியதை பழுதில்லாமல் இருந்தது. ஆகவே படத்தை விலைக்கு வாங்கவும் முடியவில்லை, மனச்சாட்சியோடு திருடவும் முடியவில்லை. திருடனிடமிருந்து முதலாளியைக் காப்பாற்றும் சட்டம், முதலாளியின் அசிரத்தையிலிருந்து படத்தைக் காப்பாற்ற ஒரு வரிகூட எழுதாமல் விட்டதை நான் குறையாகச் சொல்லவில்லை. சட்டத்துக்கும் ஓய்வு வேண்டும்.

'உமன் ஆன் தி ரன்' என்ற 1950ஆம் வருஷத்துப் படத்தின், அமெரிக்காவில் மிஞ்சியதாக அறியப்பட்டிருந்த ஒரே பிரதி ஒரு பெரிய ஸ்டூடியோவின் காப்பறையில் பத்திரமாகத்தான் இருந்தது. 2008இல் அந்த ஸ்டூடியோ வளாகத்தில் நேர்ந்த தீ அதையும் பத்திரமாகக் கொண்டுபோயிற்று. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் இருந்த பிரதியைக் கொண்டு படத்துக்கு மறுஜன்மம் கொடுத்தவர்கள், அதன்மீது எந்தப் பாத்தியதையும் இல்லாத யூ.சி.எல்.ஏ. ஆவணக் காப்பகத்தாரும், எடி முல்லர் என்பவர் தொடங்கிய ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனாருமே. ஓடும் காருக்குள் எவனோ வீசியெறிந்த 60,000 டாலரைக் கைவிட மனமில்லாத மனைவியாக லிசபெத் ஸ்காட் நடித்த 'டூ லேட் ஃபார் டியர்ஸ்' படமும் பிரான்சில் வேறொரு பெயரில் உறங்கிய நெகட்டிவின் துணையால், இதே கூட்டத்தாரின் முயற்சியில் 2014இல் மீண்டது. உடைமையாளன் வராத பொருள் யாருக்குச் சொந்தம் என்பதே அந்தப் படத்தின் கதை. 'டீட்டூர்' கிடைத்ததோ பெல்ஜியத்தில். பிரெஞ்சிலும் பிளெமிஷிலும் வசனங்கள் பிம்பத்தின் மேலேயே அச்சாகியிருந்த பிரதி. அந்த எழுத்துகளைக் கணினியால் துடைத்தெடுத்து 2018இல் படத்தின் முகத்தை வெளிக்கொணர்ந்தார்கள். ப்ளூரேயில் அதைக் கண்டபோது, ஆன் சாவேஜின் கண்களில் இருந்தது கோபம் மட்டுமன்று, காய்ச்சலுங்கூட என்பது தெரிந்தது.

தங்கள் மாளிகையின் இன்னோர் அறையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 'டீட்டூர்' படத்தைக் கேட்பாரற்றதாக விட்டுவிட்ட அதே காங்கிரஸ் நூலகம், 1992இல் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துத் தேசத்தின் பொக்கிஷம் என்று பிரகடனம் செய்தது, 2004இல் 'டி.ஓ.ஏ.'வுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. வாசலில் துரத்தப்பட்டவர் கொல்லைப்புறமாக வந்து சிம்மாசனம் ஏறிய இந்த வைபவத்துக்குப் பதிவாளர் அவர்களுக்கு அழைப்பு வந்ததா என்று அறிய ஆசைப்படுகிறேன். அணு யுத்தம் வந்தால் செலவுக்கு வேண்டுமென்று மத்திய வங்கி கோடிக்கணக்கில் நோட்டுகளைப் புதைத்துவைத்திருந்த வர்ஜீனியா மலைச்சரிவு நிலவறையில் இன்று தங்கள் நூலகம் பழைய படச்சுருள்களைக் காக்கிறது என்பதைப் படித்து மனம் நெகிழ்ந்தேன்.

ஆனால் அதே 1992இல் தாங்கள் செய்த காரியத்தை மன்னிக்க என்னால் ஆகவில்லை. 1964 முதல் 1977 வரையிலான படைப்புகளுக்குப் பாத்தியதை தானாகவே புதுப்பிக்கப்படும் என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. மறப்பதற்கு இருந்த ஒரே வாய்ப்பும் பறிபோயிற்று. 1998இல் மேலும் 20 வருஷம் கூட்டி மொத்தம் 95 ஆக்கினீர்கள். ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்ட 1950ஆம் வருஷத்துப் படம் 2046இல்தான் விடுதலை பெறும். எங்கள் தேசத்துச் சட்டம் சினிமாவுக்கு 60 வருஷமே கொடுக்கிறது. அதற்குள்ளாகவே நெகட்டிவைத் தொலைத்துவிடும் சாமர்த்தியம் எங்கள் முதலாளிகளுக்கு உண்டாகையால் அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

ஆகையால் சமூகம் தயைகூர்ந்து தங்கள் அலுவலகத்தில் மறதி இலாகா ஒன்றைப் புதிதாக ஸ்தாபிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். 28 வருஷம் ஆனதும் உரிமையாளர் நேரில் ஆஜராகட்டும். இந்தப் படத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர், இதில் கொலை செய்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் குமாஸ்தா கேட்கட்டும். வக்கீலைக் கலந்துகொண்டு பதில் சொல்கிறேன் என்பவருக்குப் பாத்தியதை அந்த க்ஷணமே ரத்து. கடையில் பத்து வருஷமாகப் படம் விலைக்குக் கிடைக்காதிருந்தால் கேள்வியும் வேண்டாம், நேரே ரத்து. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று பழைய சட்டத்தில் விட்டுப்போயிற்று: உரிமை ஊருக்கு வந்தது, நெகட்டிவ் ஊருக்கு வரவில்லை. அது எவருடைய பெட்டகத்திலோ வினிகர் வாடையடித்துக் கிடக்க, ஊரார் தேய்ந்த பிரதிகளுக்காக அடித்துக்கொண்டார்கள். புதிய இலாகாவில் உரிமையை மறந்தவர் பெட்டகத்தின் சாவியையும் தங்கள் மேஜைமேல் மறந்துவிட்டுப் போக வேண்டுமென்று விதி செய்யுங்கள்.

பதிலுக்கு அவசரமில்லை. இக்கடிதத்தின்மேல் எனக்குள்ள பாத்தியதையையும் 1909ஆம் வருஷத்து முறைப்படியே பாவிக்கிறேன். இருபத்தெட்டாவது வருஷத்தில் நான் வந்து கையெழுத்திடாவிட்டால் யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். மூலத்தைப் பார்த்து அச்சிடும்படி மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
5ஆம் எண் பிராந்தியத்து ரசிகன்